காலிக் கட்டங்கள்

மேளகர்த்தா ராகங்கள் எழுபத்திரண்டையும் வரிசையாக அச்சிட ஒரு ப்ரோக்ராம் எழுதுவது பெரிய வேலை இல்லை. மூன்று லூப், ஒன்றுக்குள் ஒன்று. வெளி லூப் இரண்டு முறை ஓடும், நடு லூப் ஆறு முறை, உள் லூப் ஆறு முறை. 2 × 6 × 6 = 72. பைதானில் பத்து வரிக்குள் அடங்கிவிடும். கர்நாடக சங்கீதத்துக்குள் நான் நுழைந்த வாசல் கச்சேரி அல்ல, இந்தப் பத்து வரிதான். ராகத்தைக் காதால் பிடிக்கத் தெரியாத காலத்திலேயே அதன் நம்பரைச் சொன்னால் ஸ்வரங்களைச் சொல்லிவிடுவேன். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும் என்று தெரியும். என்ன செய்வது, ப்ரோக்ராம் எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

முதலில் அந்தக் கணக்கு. ச, ப இரண்டும் அசையாது. ச-வுக்கும் ம-வுக்கும் நடுவில் நான்கு இடங்கள் இருக்கின்றன. அதில் இரண்டைப் பொறுக்க வேண்டும். கீழே இருப்பது ரி, மேலே இருப்பது க. நான்கில் இரண்டைப் பொறுக்க ஆறு வழி. ப-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் இதே கதை: த, நி, ஆறு வழி. ம மட்டும் இரண்டு வகை. முடிந்தது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்கள்தான் இருக்க, ஸ்வரங்களுக்குப் பதினாறு பெயர்கள் ஏன் என்று புதிதாகக் கற்பவர்கள் குழம்புவார்கள். சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே இடம்தானே, எதற்கு இரண்டு பெயர்? பொறுக்கிய இரண்டில் கீழே இருப்பதை ரி என்றும் மேலே இருப்பதை க என்றும் கூப்பிட்டாக வேண்டும், அதற்குத்தான். ஒரே இடம் ஒரு ராகத்தில் மேல் ஆளாகவும் இன்னொன்றில் கீழ் ஆளாகவும் வரும்.

எண்ணிலிருந்து ஸ்வரத்துக்குப் போவது அந்தக் காலத்து நெல் கணக்கு மாதிரி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று மேலிருந்து வகுத்துக்கொண்டே வருவார்களே, அதேதான். கல்யாணி 65. ஒன்றைக் கழித்தால் 64. அதில் 36 ஒரு தடவை போகும். ஆகவே பிரதி மத்திமம். மீதி 28. அதில் 6 நான்கு தடவை போகும், மீதி 4. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இரண்டுமே நான்கு; அதாவது ரி-க வரிசையில் ஐந்தாவது, த-நி வரிசையிலும் ஐந்தாவது. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். கல்யாணி கையில். 36-ஐக் கழித்தால் 29, சங்கராபரணம். மத்திமம் ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த அட்டவணையைப் போட்டவர் வேங்கடமகி. 17-ஆம் நூற்றாண்டு, தஞ்சாவூர். அப்பா கோவிந்த தீட்சிதர், நாயக்க மன்னர்களின் அமைச்சர். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி நிற்கிற 16 மண்டபங்கள் அவர் கட்டியவை. மகன் வேங்கடமகி, விஜயராகவ நாயக்கர் காலத்தில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்று ஒரு சமஸ்கிருத நூல் எழுதினார். அதில்தான் இந்த 72 வருகிறது.

எனக்கு அதில் பிடித்தது 72 இல்லை, 19. தன் காலத்தில் புழக்கத்தில் இருந்த மேளங்களாக அவர் காட்டியவை பத்தொன்பதுதான். மீதி ஐம்பத்து மூன்றும் காலி. பாட ஆளில்லை, பாட்டில்லை, பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை. இருந்தும் கட்டம் போட்டு வைத்தார். இருக்கிற பத்தொன்பதுக்கு இலக்கணம் எழுதிவிட்டுப் போயிருந்தால் அவர் நல்ல இலக்கணக்காரர், அவ்வளவுதான். இல்லாததற்கும் இடம் ஒதுக்கியதால்தான் இன்றைக்கும் பேசுகிறோம்.

இதைப் படிக்கும்போது பள்ளிக்கூடத்து வேதியியல் சுவர்ப்படம் ஞாபகம் வராமல் இருக்குமா?

1869-இல் மெண்டலீவ் தனிம அட்டவணையை வெளியிட்டபோது அவரும் கட்டங்களைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒன்று, சிலிக்கானுக்குக் கீழே ஒன்று, போரான் வரிசையில் ஒன்று. வெறும் காலியாக விடவில்லை. இங்கே வரப்போகிறவரின் எடை இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு, குணம் இப்படி என்று எழுதி வைத்தார். அவற்றுக்கு வைத்த பெயர்கள் ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான், ஏக-போரான். சமஸ்கிருத ‘ஏக’ சைபீரியாவில் பிறந்த ஒரு மனிதரின் அட்டவணைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தனி ஆராய்ச்சி. இப்போது அதற்குள் இறங்கினால் வெளியே வர நாளாகும்.

1875-இல் பிரான்சில் புவாபோத்ரான் என்பவர் காலியம் கண்டுபிடித்தார். (அதன் பெயரே காலியம் என்பது தமிழில் படிக்கிறவர்களுக்குக் கிடைத்த போனஸ்.) அடர்த்தியை அளந்து 4.7 என்றார். மெண்டலீவ் ரஷ்யாவிலிருந்து, உங்கள் சாம்பிள் சுத்தமில்லை, 5.9 பக்கம் வர வேண்டும், திரும்ப அளந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், கையில் வைத்திருப்பவரைத் திருத்துகிறார். புவாபோத்ரான் சுத்தம் செய்து அளந்தார்: 5.9. பதினொரு வருடம் கழித்து, 1886-இல், ஜெர்மனியில் விங்க்ளர் ஏக-சிலிக்கானைக் கண்டுபிடித்தார். இன்று ஜெர்மானியம் என்கிறோம். மெண்டலீவ் அதற்குச் சொல்லி வைத்த அணு எடை, சிரிக்காதீர்கள், 72.

இரண்டு பேருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மெண்டலீவின் காலி இடங்களை இயற்கை முன்பே நிரப்பி வைத்திருந்தது. தேடி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. வேங்கடமகியின் காலி இடங்களில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. யாராவது உட்கார்ந்து பாட்டுக் கட்டினால்தான் அங்கே ராகம் பிறக்கும். கட்டினார்கள். மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) எழுபத்திரண்டையும் ஒரே ராகமாலிகையில் கோத்தார். கோடீசுவர ஐயர் எழுபத்திரண்டுக்கும் தமிழில், முருகன் மேல், தனித்தனிக் கீர்த்தனைகள் செய்தார். பாலமுரளிகிருஷ்ணாவும் எழுபத்திரண்டிலும் செய்தார்.

எழுபத்திரண்டிலும் செய்வது என்று சொல்வது எளிது. ரி-க வரிசையில் இரண்டு ஓரங்களிலும் ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். த-நி வரிசையிலும் அப்படியே. இவற்றை விவாதி என்பார்கள். கணக்குப் போட்டால் 72-இல் 40 விவாதி மேளங்கள். பாதிக்கு மேல். அவற்றைப் பாடினால் பாடுபவருக்கு ஆகாது என்று நம்பி ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். கோடீசுவர ஐயரின் பாடல்களை எழுபத்திரண்டும் கற்று, ரேடியோவிலும் மேடையிலும் பாடிப் பரப்பியவர் எஸ். ராஜம். அவர் 2010-இல், தொண்ணூறு வயதில்தான் காலமானார். அவரை ஓவியராக உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும், சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் மனத்தில் வருகிற முகங்கள் அவர் வரைந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். இளமையில் சினிமாவிலும் நடித்தார். ‘ஏதாவது ஒன்றில் நிலைத்து நில்’ என்று அவரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

பெயர்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையான குஷி. மேளப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளில் அந்த மேளத்தின் எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி முறை என்று பெயர். சமஸ்கிருத நெடுங்கணக்கில் க முதல் ஒன்பது எழுத்துக்கு 1 முதல் 9, அடுத்து வரும் ஞ பூஜ்யம். ட-வில் மறுபடி 1, ப-வில் மறுபடி 1, ய-வில் மறுபடி 1. கிடைத்த இரண்டு இலக்கங்களைத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, 51, திருப்பினால் 15. கீரவாணி: கீ 1, ர 2, 12, திருப்பினால் 21. கேரளத்து வானியல்காரர்கள் இதே முறையில் பெரிய பெரிய எண்களைச் செய்யுளாக்கி மனப்பாடம் செய்தார்கள். 14-ஆம் நூற்றாண்டு சங்கமகிராமத்து மாதவனின் சைன் அட்டவணை இப்படி எழுத்துகளில்தான் நமக்கு வந்திருக்கிறது.

மேளங்களுக்கு இந்தப் பெயர்கள் வேங்கடமகி வைத்தவை அல்ல, பின்னால் வந்தவை. கனகாங்கி என்று தொடங்கும் இன்றைய பட்டியல் கோவிந்தாச்சாரியாரின் ‘சங்கிரக சூடாமணி’யில் இருக்கிறது. எண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பழைய பெயர்களின் தலையில் ஒட்டுப் போட்டார்கள். சங்கராபரணம் ‘தீரசங்கராபரணம்’ ஆனது (தீ 9, ர 2, திருப்பினால் 29). கல்யாணி ‘மேசகல்யாணி’, தோடி ‘ஹனுமத்தோடி’. நாம் சர்வரில் ஃபைல் பெயருக்கு முன்னால் எண் ஒட்டி வரிசைப்படுத்துவது எந்த விதத்தில் வேறு?

சரி, இதற்கும் ஒரு ப்ரோக்ராம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் பக் மேல் பக். கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்யைத்தான் எண்ண வேண்டும் என்பது கடபயாதியின் பொது விதி. ரத்னாங்கி அந்த விதிக்குக் கட்டுப்படும்: ‘த்ன’-வில் ன, பூஜ்யம், 2. தர்மவதியும் கட்டுப்படும், 59. சக்ரவாகம் கட்டுப்படாது. விதிப்படி ‘க்ர’-வில் ர-வை எடுத்தால் 26 வரும். ஆனால் சக்ரவாகம் 16. அங்கே க-வைத்தான் எடுக்க வேண்டும். சித்ராம்பரியும் விதிப்படி 26. உண்மையில் அது 66. அசல் 26 யார்? சாருகேசி, பாகவதர் ‘ஹரிதாஸ்’ படத்தில் ‘மன்மத லீலையை’ பாடினாரே, அது. ஆக விதியை மதித்தால் மூன்று ராகங்கள் ஒரே முகவரியில் முட்டிக்கொள்கின்றன. சிம்மேந்திர மத்திமம் இன்னும் மோசம். (‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்து ‘ஆனந்த ராகம்’ என்றால் உடனே ஓடும்.) ஸி 7, ஹே 8 என்று எடுத்தால் 87. எழுபத்திரண்டு கட்டங்கள் உள்ள அட்டவணையில் எண்பத்து ஏழாவது கட்டம்! ‘ஸிம்ஹ’ என்பதில் ஹ-வை விட்டு ம-வை எடுத்து, 75 ஆக்கித் திருப்பி, 57 என்று சரிக்கட்டுகிறார்கள். கடைசியில் என் கோடில் ‘இந்த ராகமா, சரி, விதியை மறந்துவிடு’ என்று ஒரு விலக்குப் பட்டியல்தான் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. நானூறு வருஷப் பழைய மரபாகட்டும், பேங்க் சாஃப்ட்வேர் ஆகட்டும், அடியில் எங்கேயோ இப்படி ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும்.

இதையே தமிழ் எழுத்தில் ஓட்டினால் மொத்தமாகக் கவிழும். கனகாங்கி 1, கானமூர்த்தி 3. சமஸ்கிருதத்தில் அது முதல் க, இது மூன்றாம் க. தமிழில் இரண்டுக்கும் ஒரே க. நான்கு ஒலிகளுக்கு ஓர் எழுத்து என்பதால் எண் திரும்ப வராது.

இந்த இடத்தில் யூனிகோட் பட்டியலைத் திறந்து பார்த்தேன், நீங்களும் பார்க்கலாம். தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். க-வின் எண் 2965. அடுத்த எழுத்து ங. அதன் எண் 2966 இல்லை, 2969. நடுவில் மூன்று காலிக் கட்டங்கள். ஏன்? 1991-இல் யூனிகோட் வந்தபோது இந்திய மொழிகளுக்கு இந்திய அரசின் இஸ்கி வரிசையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அதில் எல்லா மொழிக்கும் ஒரே அச்சு. தேவநாகரியில் இரண்டாம், மூன்றாம், நான்காம் க உட்கார்ந்திருக்கும் அதே இடங்கள் தமிழில் காலியாகக் கிடக்கின்றன. கடபயாதியின் 2, 3, 4 எங்கே தொலைந்தன என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டலாம்: 2966, 2967, 2968. இந்த ஏற்பாடு தமிழுக்கு நியாயமா என்ற பழைய சண்டைக்குள் இன்று போகவில்லை. ஆனால் 128-இல் இன்றுவரை நிரம்பிய இடங்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். 72. எந்த அர்த்தமும் இல்லாத தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மெண்டலீவின் காலி நிரம்பக் காத்திருந்தது, வேங்கடமகியின் காலி பாட்டுக்காரரை அழைத்தது, யூனிகோடில் க-வுக்குப் பக்கத்துக் காலி வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டதால் வந்த தொளதொளப்பு. மூன்றையும் தூக்கிச் சாப்பிடுகிற இன்னொரு வகைக் காலி இருக்கிறது. அட்டவணையில் கட்டமே இல்லாமல் போவது.

1894-இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுபிடித்தபோது மெண்டலீவின் அட்டவணையில் அதற்கு இடமே கிடையாது. ஒரு கட்டம் மட்டும் இல்லை என்றால் பரவாயில்லை. மந்த வாயுக்களின் நெடுவரிசை முழுதுமே இல்லை. காலியத்தின் அடர்த்தியை ஊருக்கு வெளியே இருந்து திருத்திய அதே மனிதர் இப்போது தடுமாறினார். இது புதுத் தனிமமாக இருக்காது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒட்டியதாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். அட்டவணை போட்டவருக்கு அட்டவணையைத் தாண்டிப் பார்ப்பது சிரமம்.

மேள அட்டவணையிலும் இப்படி ஒன்று உண்டா? உண்டு. அதைப் பார்க்க ஒரே ஒரு ஆபரேஷன் போதும்: சுழற்று. சங்கராபரணத்தைப் பன்னிரண்டு பூஜ்ய-ஒன்றுகளின் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ச-வாக வைத்துச் சுழற்றுங்கள். பாட்டுக்காரர்கள் இதைக் கிரக பேதம் என்பார்கள். ரி-யை ச ஆக்கினால் கரகரப்ரியா. க-வை ஆக்கினால் தோடி. ம-வை ஆக்கினால் கல்யாணி, ப-வை ஆக்கினால் அரிகாம்போதி, த-வை ஆக்கினால் நடபைரவி. எல்லாம் பட்டியலில் இருப்பவர்கள். நி-யை ச ஆக்கும்போது ப்ரோக்ராம் ‘இப்படி ஒரு மேளம் இல்லை’ என்று கையை விரிக்கும். காரணம், அதில் பஞ்சமம் இல்லை. ப-வின் இடத்துக்கு ஒரு படி கீழே வந்து நிற்கிறது. ப அசையாது என்பது வேங்கடமகியின் முதல் விதி. ஐரோப்பியர்கள் இதற்கு லோக்ரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களும் அதிகம் தொடுவதில்லை.

ஆனால் இதே சுழற்சி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகள். ஒவ்வொன்றையும் குரலாக வைத்துத் திரித்தால் ஏழு பாலைகள்: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்கு அந்த ஏழு நரம்புகளின் பெயர்களைச் சூட்டி வட்டமாக நிறுத்தி ஆடவைப்பார்கள். கம்ப்யூட்டர்காரன் கண்ணுக்கு அது அச்சு அசல் வட்ட வரிசை. செம்பாலையை அரிகாம்போதி என்று கொண்டால், இசை ஆய்வாளர்கள் பலர் அப்படித்தான் கொள்கிறார்கள், மற்றவை தானாக விழும்: படுமலை நடபைரவி, அரும்பாலை சங்கராபரணம், கோடி கரகரப்ரியா, விளரி தோடி, மேற்செம்பாலை கல்யாணி. நடுவில் மூன்றாவதாக, செவ்வழி. அதுதான் பஞ்சமம் இல்லாத அந்த ஆள். இரண்டு மத்திமம் வருவதால் ‘இருமத்திமத் தோடி’ என்றும் சொல்வார்கள். 72-இல் இடம் கிடைக்காதவருக்கு ஏழில் இடம் இருந்திருக்கிறது. வேங்கடமகி போட்டது பெருக்கல் அட்டவணை. இளங்கோ காட்டுவது சுழற்சி. எடுத்துக்கொண்ட வழி வேறு, அதனால் கண்ணில் படுவதும் வேறு.

சிலம்பின் இந்தக் கணக்கை நவீன காலத்தில் முதலில் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). அவரும் தஞ்சாவூரில் இருந்தவர்தான். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். பள்ளிக்கூட ஆசிரியராக ஆரம்பித்தார். போட்டோ எடுக்கக் கற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற சித்தரிடம் மருத்துவம் கற்று, ஆசிரியர் வேலையை விட்டுச் சித்த மருத்துவரானார். அவர் மருந்துகள் கடல் கடந்தும் விற்றன. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு விவசாயச் சோதனைகள் செய்தார். பண்டிதர் தோட்டம் என்று ஜனங்கள் சொன்னார்கள். அச்சகம் வைத்தார். வயலின், வீணை வாசித்தார், தமிழில் கீர்த்தனைகள் எழுதினார். 1912-இல் தஞ்சையில் சங்கீத மாநாடு கூட்டினார், கைக்காசில். அதன் பிறகு அடுத்தடுத்து இன்னும் சில. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குப் போய், மகள்களை வீணை வாசிக்க வைத்துத் தன் கணக்கை நிரூபிக்கப் பார்த்தார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை!

அவர் முடிவு: ஸ்தாயியில் இருப்பது எல்லோரும் சொல்லும் 22 சுருதி இல்லை, 24, எல்லாம் சமம். இதில் நான் அவர் கட்சியில் இல்லை. தம்புராவைக் கூர்ந்து கேட்டால் அதில் தானாக எழும்பும் அந்தர காந்தாரம் ஆதாரத்துக்கு 5:4 விகிதத்தில் இருக்கும். ஸ்தாயியை 24 சம பாகமாக வெட்டினால் எந்த வெட்டும் அந்த இடத்தில் விழாது. பக்கத்து வெட்டு கொஞ்சம் மேலே நிற்கும். கீபோர்டின் காந்தாரம் சற்றுக் கூர்மையாகக் கேட்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் சிலம்பின் உரையைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, வீணையில் மெட்டு வைத்துச் சரிபார்த்து, தப்பென்றால் வாருங்கள் வாதாடலாம் என்று சபை கூட்டிய முறை இருக்கிறதே, அது விஞ்ஞானம்தான். அவருக்குப் பின் ‘யாழ் நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகளும் இதே ஜாதி. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டம் வாங்கி, வேதியியல் சொல்லிக்கொடுத்து, பிறகு துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1947-இல் அந்த நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே காலமானார்.

தாளத்திலும் ஒரு பெருக்கல் அட்டவணை உண்டு. ஏழு தாளம், ஐந்து ஜாதி, 35. அதற்கு மேல் ஐந்து நடை, 175. இதில் கச்சேரியில் உண்மையில் கேட்பது எத்தனை? ஆதி, ரூபகம், எப்போதாவது கண்ட ஜாதி அட தாளத்தில் ஒரு வர்ணம். அதற்கு அடுத்தபடியாக எல்லோரும் பாடுகிற மிஸ்ர சாபு, கண்ட சாபு இரண்டும் முப்பத்தைந்தில் சேராதவை. ஆர்கான் கதைதான். இத்தனை கட்டம் போட்டும், ஜனங்கள் தொடை தட்டிக் கேட்கிற தாளம் வெளியே நிற்கிறது.

சாபுவைப் பிடிக்க வேறு சூத்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் நியூட்ரான் உற்பத்தி செய்யும் ஒரு பெரிய இயந்திரம் உண்டு. குறிப்பிட்ட நேரத் துண்டுகளுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் துடிப்புகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சமமாகப் பரப்ப வேண்டும்; சரியாக வகுபடாத எண்ணாக இருந்தாலும். அதற்காக பியோர்க்லண்ட் என்ற பொறியாளர் ஒரு வழி எழுதினார். 2005-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கட்ஃப்ரீட் டூசான் என்ற கணினி விஞ்ஞானி அதைப் பார்த்து, இது யூக்ளிட் மீப்பெரு பொது வகு எண் கண்டுபிடிக்கச் சொன்ன முறையேதான் என்று கண்டார். இன்னொன்றையும் கண்டார். எட்டுத் துண்டில் மூன்று அடியைப் பரப்பினால் 3+3+2, கியூபாக்காரர்களின் தாளம். ஏழில் மூன்றைப் பரப்பினால் 2+2+3, பல்கேரியாவின் ருச்செனித்சா நடனம். அதைச் சுழற்றித் தொடங்கினால் 3+2+2, மிஸ்ர சாபு! ஐந்தில் இரண்டைப் பரப்பினால் 2+3, கண்ட சாபு. 1962-இல் ஐபிஎம்-இல் பிரெசன்ஹாம் திரையில் சாய்கோடு போட எழுதிய வழியும் அடிப்படையில் இதுதான். உங்கள் போன் திரையில் ஒரு சாய்கோடு எந்தெந்தப் புள்ளியில் படி இறங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால் சாபு தட்டலாம்.

ராகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள். ஆரபியும் தேவகாந்தாரியும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே ஸ்வரங்கள். என் ப்ரோக்ராமுக்கு இரண்டும் ஒன்று. கேட்கத் தெரிந்த பத்து வயதுக் குழந்தைக்கு முதல் பிடியிலேயே இரண்டும் வேறு. எந்த ஸ்வரத்தை அசைக்கிறோம், எதில் நிற்கிறோம், எந்த வேகத்தில் போகிறோம் என்பது எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. பைரவியில் இரண்டு தைவதமும் வரும். ஏதோ ஒன்றில் சேர்க்க வேண்டுமே என்று இருபதாம் மேளத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தேடுவதற்கு அட்டவணையைவிட நல்ல கருவி கிடையாது. கேட்பதற்கு அது உதவாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கீபோர்டு இருந்தால் கறுப்பை விட்டுவிட்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். ஐந்து கட்டையில் தொடங்கி அடுத்த ஐந்து கட்டை வரை போனால் செம்பாலை. ஏழு கட்டையில் தொடங்கி ஏழில் முடித்தால் செவ்வழி. போனில் தம்புரா ஆப் இருந்தால் ஏழு கட்டைக்குச் சுருதி வையுங்கள். பஞ்சமத்தை அணைத்துவிட்டு மத்திமம் போட வேண்டும், இல்லையென்றால் காது கூசும். நிற்க இடம் இல்லாதது போலத்தான் முதலில் இருக்கும். அதில் யாராவது நான்கு வரி மெட்டுப் போட்டுப் பதிவுசெய்தால், தமிழ்ப் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.